ஸ்க்ரம் டிரெயினர் ஆக மென்டார் தேவையா? பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஐ.டி. சேவை நிறுவனத்தில் 9 வருடமாக ஸ்க்ரம் மாஸ்டர் வேலை, அதாவது வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் 'ஸ்க்ரம்' முறையை டீமுக்குப் பழக்குகிற வேலை. சர்டிஃபைட் ஸ்க்ரம் ப்ரொஃபஷனல் சான்றிதழ் வரை முடித்துவிட்டீர்கள். அடுத்து அந்த முறையைக் கற்றுக்கொடுக்கும் சர்டிஃபைட் ஸ்க்ரம் டிரெயினர் ஆக வேண்டும். ஒரு டிரெயினர், "என்னோடு மூன்று வகுப்பு கோ-டிரெயினிங் செய்யுங்கள், அதாவது சேர்ந்து எடுங்கள், இவ்வளவு தொகை, முடிவில் பரிந்துரைக் கடிதம் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அலுவலகத்தில் இத்தனை செஷன் எடுத்திருக்கிறேன், நன்றாக எடுக்கிறேனா இல்லையா என்று யாரும் சொன்னதில்லை." என்னைக் கேட்டால், நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான். அதை வைத்தே பதில் சொல்கிறேன், பணத்துக்கும் அதிலேயே விடை வந்துவிடும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சில வருடங்களாக டிரெயினராக இருக்கிறேன், பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் வகுப்புகள். டிரெயினராக விரும்பி வந்த 7 பேருக்கு மென்டாராக இருந்திருக்கிறேன். 3 பேர் டிரெயினர் ஆனார்கள், 2 பேர் பாதியில் விட்டார்கள், 2 பேர் இன்னும் முயல்கிறார்கள். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் நான் இருந்ததில்லை. அதனால் தேர்வு செய்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்வதெல்லாம் வெளியிலிருந்து பார்த்ததுதான். வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்வது என் கண்ணால் பார்த்தது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. ஸ்க்ரம் சான்றிதழ் கொடுக்கும் ஸ்க்ரம் அலையன்ஸ் அமைப்பு 2001-இல் தொடங்கியது. ஸ்க்ரமை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் ஷ்வேபர் 2009-இல் அதிலிருந்து விலகி ஸ்க்ரம்.ஆர்க் என்ற இன்னொரு அமைப்பைத் தொடங்கினார். இரண்டிலும் டிரெயினர்கள் உண்டு, இரண்டிலும் ஏற்கெனவே டிரெயினராக இருப்பவர்கள்தான் புதியவரை எடைபோடுகிறார்கள், ஆனால் பாதை வேறு. ஸ்க்ரம்.ஆர்க்கில் பாடத்திட்டமும் ஸ்லைடுகளும் எல்லா டிரெயினர்களுக்கும் பொது. தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண் வேண்டும், அதன்பின் அந்தப் பொதுப் பாடத்தை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஸ்க்ரம் அலையன்ஸில் கற்றல் நோக்கங்களை மட்டும் கொடுப்பார்கள். 'வகுப்பு முடியும்போது பங்கேற்பவரால் இதை விளக்க முடியும், இதைச் செய்ய முடியும்' என்ற மாதிரியான பட்டியல் அது. வகுப்பை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். நீங்கள் ஸ்க்ரம் அலையன்ஸ் பாதையில் இருக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு மென்டார் தேவைப்படுவதும் அதிகம். கைவசம் ஒரு வகுப்பு இல்லாத ஒருவர் தனக்கென ஒரு வகுப்பை முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. கோ-டிரெயினிங் எத்தனை, பரிந்துரை எத்தனை என்ற எண்ணிக்கைகளை நான் இங்கே எழுதவில்லை. விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், விண்ணப்பிக்கும் நாளில் அவர்கள் தளத்தில் இருப்பதுதான் செல்லும். பெரிய நிறுவனங்களுக்கான 'சேஃப்' (SAFe) என்ற முறையின் பக்கம் போனால் கதையே வேறு. நான்கு நாள் வகுப்பும் தேர்வும் முடித்து கன்சல்டன்ட் சான்றிதழ் வாங்கியவரே அதன் அறிமுக வகுப்பை எடுக்கலாம். வேகமாக வகுப்பெடுக்கத் தொடங்குவதுதான் நோக்கம் என்றால் அதையும் யோசியுங்கள்.

சரி, மென்டார் என்ன செய்ய வேண்டும்? என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்க்ரமில் இன்னும் கொஞ்சம் அறிவு கிடைக்கும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். அறிவுக்கு அவர்களிடம் குறைவில்லை. குறை எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு வகுப்பைச் சொல்கிறேன்.

நாணய விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து 20 ஒரு ரூபாய் நாணயங்களைத் திருப்ப வேண்டும். முதல் சுற்றில் ஒருவர் 20-ஐயும் திருப்பி முடித்த பிறகுதான் அடுத்தவரிடம் தள்ளுவார். அடுத்த சுற்றில் ஐந்தைந்தாக. கடைசிச் சுற்றில் ஒவ்வொன்றாக. மொத்த நேரமும் முதல் நாணயம் கடைசி ஆளைத் தாண்டி வெளியே வரும் நேரமும் சார்ட்டில் ஏறும். சென்னையில் ஒரு ஹோட்டல் ஹாலில், என்னோடு கோ-டிரெயினிங் செய்ய வந்தவர் இதை நடத்தினார். நான் கடைசி மேஜையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று சுற்றும் முடிந்து எண்கள் சார்ட்டில் இருக்கின்றன. டெஸ்டிங் டீமிலிருந்து வந்திருந்த, பச்சைச் சட்டை போட்ட ஒருவர் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஆனா என்னோட டைம்..." என்று ஆரம்பித்தார். நம் ஆள் உடனே, "கரெக்ட்! பாருங்க, பேட்ச் சின்னதா ஆக ஆக டெலிவரி சீக்கிரம் வருது, இதைத்தான் ஃப்ளோன்னு சொல்றோம்" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

மதியம் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்தப் பச்சைச் சட்டைக்காரர் என்ன சொல்ல வந்தார்?" அவருக்குத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் போய் அவரிடமே விசாரித்தார். அவர் சொன்னது இதுதான்: "கடைசி ரவுண்டுல என் கை ஓயவே இல்ல, நான் எடுத்துக்கிட்ட டைம் முதல் ரவுண்டைவிட ஜாஸ்தி. ஆனா மொத்த டைம் பாதிக்கும் கீழ. எங்க ஆபீஸ்ல என்னோட டைமத்தானே அளக்கறாங்க?" அந்த விளையாட்டின் சாரமே அந்தக் கேள்விதான். தனி ஆள் எவ்வளவு மும்முரமாக இருக்கிறார் என்று அளக்கிறோம், வேலை எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது என்பதை அளக்காமல் விடுகிறோம். அறையிலிருந்த 24 பேரும் அதைத் தங்களுக்குள் பேசியிருந்தால் ஒரு மணி நேர விரிவுரைக்குச் சமம். டிரெயினர் முந்திக்கொண்டு சரியான பதிலைச் சொன்னதால் அது நடக்கவில்லை.

அடுத்த மாதம் அதே விளையாட்டை அவரே நடத்தினார். மூன்றாம் சுற்று முடிந்ததும், "சார்ட்டைப் பார்த்து என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், 11 விநாடி. வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நீளமென்று. அப்புறம் ஒரு பெண் பேச ஆரம்பித்தார், பக்கத்து மேஜையில் மறுத்தார்கள், ஆறேழு நிமிடம் அவர்களே பேசினார்கள். அந்த 11 விநாடியைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதுதான் மென்டாரின் வேலை என்று நான் நம்புகிறேன். இதைப் புத்தகத்தில் படித்து வரவழைக்க முடியாது. பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

அதனால் நான் கோ-டிரெயினிங்கின்போது நோட்டில் கருத்து எழுதுவதில்லை. இடது பக்கம் மணி, வலது பக்கம் நடந்தது. "10.42: கேள்வி வந்தது. 10.42: பதில் சொன்னார்." "11.15 முதல் 11.38 வரை: அவர் மட்டுமே பேசினார்." ஒருவரின் ஒரு மணி நேரப் பகுதியைக் கூட்டிப் பார்த்தபோது அவர் பேசியது 47 நிமிடம். பாதிப் பாதி இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். "நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள்" என்று சொல்லியிருந்தால் வாதாடியிருப்பார். நோட்டைக் காட்டியதும் அமைதியாக ஸ்லைடுகளை எடுத்து, 60-ஐ 18 ஆக்கிக்கொண்டு வந்தார். அன்று மாலையே உட்கார்ந்து பேசுவதும் முக்கியம், இரண்டு நாள் கழித்தால் இருவருக்கும் மறந்துவிடும். முதலில் அவர்தான் பேச வேண்டும்: எது நினைத்தபடி போனது, எங்கே அறை கையை விட்டுப் போனது. அவராகவே கண்டுபிடித்தால் நான் அதைத் திரும்பச் சொல்வதில்லை.

வகுப்பின் நடுவில் மென்டார் குறுக்கிடலாமா என்பதில் டிரெயினர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. என் வழக்கம்: தகவல் தவறாகப் போனால் மட்டும் கையைத் தூக்குவேன், அதையும் முன்பே பேசி வைத்திருப்போம். காசு கொடுத்து வந்தவர்களுக்குத் தவறான பாடம் போகக்கூடாது. விளையாட்டு சொதப்பினாலோ நேரம் தவறினாலோ சும்மா இருப்பேன். அதிலிருந்து மீண்டு வர முடியுமா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

தகவல் தவறு என்று சொன்னேனே, அது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. 9 வருடம் ஒரே மாதிரி நிறுவனங்களில் இருந்தவர் தன் நிறுவனத்தின் பழக்கத்தை ஸ்க்ரம் என்று சொல்லிக்கொடுத்துவிடுவார். ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவுக்குப் போடும் மதிப்பெண்), வெலாசிட்டி (ஒரு சுற்றில் முடித்த மொத்தப் பாயின்ட்), யூசர் ஸ்டோரி (பயனருக்கு வேண்டியதைச் சொல்லும் சின்னக் குறிப்பு) எதுவும் ஸ்க்ரமின் அதிகாரபூர்வ விதிநூலான ஸ்க்ரம் வழிகாட்டியில் இல்லை. யூசர் ஸ்டோரி, எக்ஸ்ட்ரீம் ப்ரோகிராமிங் என்ற வேறொரு மென்பொருள் முறையிலிருந்து வந்தது. டெய்லி ஸ்க்ரம் என்ற தினசரிச் சிறு கூட்டத்தில் 'நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை' என்ற மூன்று கேள்விகள் 2020 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டன. ஸ்ப்ரிண்ட் என்ற ஒரு வேலைச் சுற்றுக்கு எடுத்துக்கொண்ட வேலையை டீமின் 'வாக்குறுதி' என்று சொல்வதை 2011 பதிப்பிலேயே 'முன்கணிப்பு' என்று மாற்றினார்கள். அதைத் தெரியாமல், "கமிட் பண்ணியாச்சு, முடிச்சே ஆகணும்" என்று சொல்லிக்கொடுக்கும் டிரெயினர், கீழே இருக்கும் டீமை இரவு பதினொரு மணி வரை உட்கார வைக்கிற மேனேஜருக்கு ஆயுதம் கொடுக்கிறார். இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை, தங்கள் ஸ்லைடுகளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'வழிகாட்டியில் உள்ளது', 'பரவலான வழக்கம்', 'என் அனுபவம்' என்று மூன்றில் ஒன்றை எழுதிவரச் சொல்வது. ஸ்டோரி பாயின்டை வகுப்பில் சொல்லக்கூடாது என்பதில்லை, எந்த வகை என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகைதான் பலரிடம் காலியாக இருக்கிறது. நம் ஊர் வகுப்புகளில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "தேதியையும் ஃபிக்ஸ் பண்ணி, ஸ்கோப்பையும் ஃபிக்ஸ் பண்ணி கிளையன்ட் கான்ட்ராக்ட் போட்டுட்டான். இதுல எங்க சார் ஸ்க்ரம்?" இதற்கு வழிகாட்டியிலிருந்து பதில் சொன்னால் கேட்டவர் தலையாட்டிவிட்டு போனை எடுத்துவிடுவார். நீங்கள் அந்த மாதிரி ப்ராஜெக்டில் இருந்திருப்பீர்கள். என்ன முயன்றீர்கள், எது படுத்துவிட்டது, கிளையன்ட் எந்த டெமோவுக்குப் பிறகு "இந்த ஐட்டம் வேண்டாம், அதை முதலில் கொடு" என்று சொன்னார், அதற்கு முன் எத்தனை டெமோவில் வாயே திறக்கவில்லை? அந்தக் கதை உங்களிடம் இருக்கிறது, அதற்கு மதிப்பு உண்டு என்று உங்களுக்குத் தெரியாது. தோற்ற அனுபவங்கள் பத்தை எழுதி வரச் சொல்வேன். மூன்றாவதற்குள் எல்லாருக்கும் நின்றுவிடும். அப்புறம் காபி குடித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு மீதியை எடுப்போம். இதற்கே இரண்டு மூன்று சந்திப்புகள் ஆகும்.

இதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். என் முதல் ஆளுக்கு என் விளையாட்டுகள், என் சார்ட்டுகள், என் உதாரணங்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன், தாராளமாக இருப்பதாக நினைத்து. எட்டு மாதம் கழித்து இன்னொரு டிரெயினரோடு அவர் கோ-டிரெயினிங் செய்தார். அந்த டிரெயினர் எனக்குப் போன் செய்து, "நல்லா எடுக்கறார், ஆனா கண்ணை மூடிக் கேட்டா நீங்க பேசற மாதிரி இருக்கு" என்றார். என் மகளைப் பற்றிய உதாரணத்தைக்கூட 'ஒருவருடைய மகள்' என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு வருடம் வீணானதற்கு நான்தான் காரணம். அன்றிலிருந்து யார் வந்தாலும் என்னோடு மட்டும் இருக்கக்கூடாது, குறைந்தது மூன்று வெவ்வேறு டிரெயினர்களோடு நிற்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஒருவர் படம் வரைந்தே பாடம் நடத்துவார், இன்னொருவர் கேள்வி கேட்டே இரண்டு நாளையும் ஓட்டுவார். மூன்று பேரைப் பார்த்த பிறகுதான் எது உங்களுக்கு வரும், எது வராது என்று பிடிபடும்.

இனி, எனக்குத் தோன்றுவது மட்டும், உறுதியில்லை. காலம்: என்னிடம் வந்தவர்களில் வேகமானவருக்கு ஒன்றரை வருடம், மெதுவானவருக்கு நான்கு வருடம். ஏழு பேரை வைத்து விதி போட முடியாது. ஆங்கிலம் சரளமாக இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். வகுப்பறையில் அது தடையாக இருந்து நான் பார்த்ததில்லை. சென்னை வகுப்பில் ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கும், மேஜையில் பேச்சு முழுக்கத் தமிழில் நடக்கும். அதைத் தடுக்காமல் விட்ட டிரெயினர்களின் வகுப்பில் விவாதம் ஆழமாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். நேர்காணலுக்கு மட்டும் உங்கள் கதைகளை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், மனப்பாடம் செய்யாமல். ஆன்லைன் வகுப்புகள் 2020-க்குப் பிறகு சாதாரணமாகிவிட்டன, அதில் கோ-டிரெயினிங் செய்வது சுலபம், வேறு நாட்டு டிரெயினரோடும் நிற்கலாம். ஆனால் அதில் பின்வரிசை என்று ஒன்று கிடையாது. கேமராவை அணைத்துவிட்டவரின் முகம் யாருக்கும் தெரியாது. பாதியாவது நேரடி வகுப்பாக இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

இப்போது பணம். மென்டாரின் நேரத்துக்குக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. தன் வகுப்பில் இடம் கொடுத்து, முன்தயாரிப்புக்கும் பின்பேச்சுக்கும் நேரம் ஒதுக்குகிறார், நாளைக்குத் தன் ஊரிலேயே தனக்குப் போட்டியாக வரப்போகிறவரை வளர்க்கிறார். நான் வாங்குவதில்லை, வாங்குபவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். கடிதத்தை முன்பே உறுதி செய்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களை ஒரு வகுப்பில்கூடப் பார்க்காத ஒருவர், நீங்கள் தகுதியானவர் என்று எழுதப்போவதாக இன்றே சொல்கிறார். அப்படியானால் அந்த மூன்று வகுப்பில் அவர் உங்களைப் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் குறை சொல்லப் போவதில்லை. 9 வருடமாக உங்களுக்குக் கிடைக்காதது அந்தப் பணத்துக்கும் கிடைக்காது. அவரிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள்: "மூன்று வகுப்பு முடிந்தும் நான் தயாராகவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் கடிதம் தராமல் இருப்பீர்களா?" "ஆமாம்" என்று சொன்னால் பேச்சைத் தொடரலாம். தயங்கினாலோ பேச்சை மாற்றினாலோ விட்டுவிடுங்கள்.

இன்னொரு கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். டிரெயினர் ஆன பிறகு வருடக் கட்டணம் உண்டு, பங்கேற்பவர் ஒவ்வொருவருக்கும் அமைப்புக்குக் கட்டணம் உண்டு, ஹால் வாடகை, சாப்பாடு உண்டு. அறையை நிரப்புவது தனி வேலை. பாதியில் விட்ட இருவரில் ஒருவர் அருமையாக வகுப்பெடுப்பார். விற்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டு, இப்போது ஒரு நிறுவனத்துக்குள் கோச்சாக இருக்கிறார். நல்ல முடிவு.

யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் அலுவலகத்திலேயே ஒரு மணி நேர செஷன் எடுங்கள், எதாவது ஒரு தலைப்பு போதும், ஸ்ப்ரிண்ட் முடிவில் செய்ததைக் காட்டிப் பேசும் ஸ்ப்ரிண்ட் ரிவ்யூ என்றே வைத்துக்கொள்ளலாம். அறையின் பின்பக்கத்திலிருந்து போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள், உங்கள் முகம் மட்டுமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களும் தெரிய வேண்டும். வீட்டில் போட்டுப் பார்த்து, நீங்கள் பேசிய நிமிடங்களைக் கூட்டுங்கள், யாராவது பேச வந்து நின்றுபோன இடங்களைக் குறியுங்கள். மூன்று வாரம் கழித்து வந்திருந்தவர்களில் நான்கு பேரிடம், "அதற்குப் பிறகு ரிவ்யூவில் எதையாவது மாற்றினீர்களா?" என்று கேளுங்கள். "செஷன் சூப்பர்" என்ற பதிலை விட்டுவிடுங்கள். அப்புறம் அந்த வீடியோவையும் நான்கு பேர் சொன்னதையும் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று டிரெயினர்களிடம் போங்கள், உங்களிடம் பணம் கேட்டவரிடமும்தான். உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் இது நடந்தது என்று நிமிடத்தைக் குறிப்பிட்டுப் பேசுகிறவரோடு வேலை செய்யுங்கள். அவர் கட்டணம் கேட்டால் கொடுங்கள்.